தயாராகிட்டு இருக்கிற ஆளு

இல்ல தம்பி, அந்தக் கதவு இல்ல. அது பொம்பளைங்களுக்கு ரத்தம் எடுக்கிற ரூமு. உங்களுக்கு அதுக்கடுத்தது, பச்சைத் திரை தொங்குது பாருங்க, அது. ஆனா இப்பவே போயி நிக்காதீங்க. உங்க நம்பர் என்ன? நாப்பத்தேழா? போர்டுல இப்பத்தான் முப்பத்தொண்ணு ஓடுது. உக்காருங்க. அந்த டப்பாவ இப்படி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நிக்காதீங்க, காலையில சூப்புக் கடையில நிக்கிற மாதிரி இருக்கு. பைக்குள்ள போடுங்க. வெக்கப்படாதீங்க. இந்த ரெண்டாவது மாடியில யாரும் யாரையும் எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டாங்க.

எனக்கா? எனக்கு நம்பர் இல்ல. சும்மாதான் உக்காந்திருக்கேன். ஒரு போன் பண்ணணும். எங்க முதலாளிக்கு. பன்னெண்டு மணிக்கு அவரு விருந்துல போயி உக்காந்துடுவாரு, அதுக்குள்ள பண்ணியாகணும். மணி என்ன? ஒம்பதே காலா? அப்ப நெறைய நேரம் இருக்கு.

இல்ல, சாதாரணப் போன் இல்ல அது. இனிமே நான் குடிக்கணுமா, குடிக்காம இருக்கலாமாங்கிறதே அந்தப் போன்லதான் இருக்கு. சிரிக்காதீங்க. நீங்க எந்தப் பக்கம்? தெக்கா? அதானே பாத்தேன். பொண்ணு மட்டும் எங்க லின்யீ ஊரு பொண்ணா? கல்யாணத்துல மாமனார் வீட்டு ஆளுங்க எவ்வளவு ஊத்தினாங்க? நினைவே இல்லையா! அப்ப உங்களுக்கு எங்க ஷாண்டோங் மாகாணத்துக் குடியப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

அவங்க ரத்தம் குடுக்கப் போயிருக்காங்களா? நல்லது. என் வீட்டுலயா... அவ மேல இருக்கா. வருவா. வர மாட்டா, நாந்தான் போகணும். அத விடுங்க.

தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க சட்டையில சிகரெட் வாடை வருது. எப்ப கடைசியா? வாசல்லயா? இப்ப வரும்போதா? அய்யோ. பரிசோதனைக்கு வந்த வாசல்ல நின்னு ஊதிட்டு வர்ற ஆள நான் இப்பத்தான் பாக்கிறேன். உள்ள ஒரு டாக்டரம்மா இருக்காங்க, கண்ணாடி போட்டு, ஒல்லியா. உங்கள மோந்து பாத்தே கண்டுபிடிச்சுடுவாங்க. எனக்கு அவங்க சொன்னத உங்களுக்குச் சொல்றேன், கேட்டுக்கங்க. நம்ம உடம்புல அந்த விதை தயாராக எழுபது எம்பது நாள் ஆகுமாம். அப்ப இன்னைக்கு நீங்க டப்பாவுல குடுக்கப் போறது ரெண்டரை மாசமா நீங்க எப்படி வாழ்ந்தீங்கங்கிறதுக்கு மார்க் ஷீட்டு. இன்னைக்குக் காலையில விட்ட சிகரெட்டுக்கு இன்னைக்கு மார்க் கிடையாது. அதனால இன்னைக்கே விட்டீங்கன்னா, புது வருஷத்துக்கு நல்ல சரக்கு. நான் சொல்லல, டாக்டரம்மா சொன்னது. சரக்குங்கிறது மட்டும் என் வார்த்தை. நான் விற்பனையில இருக்கேன்.

பிளைவுட். பாப்ளர் மரத்த உரிச்சு, ஒட்டி, அமுக்கி. எங்க ஊருல நாய்க்குக் கூண்டு செஞ்சாலும் பிளைவுட்லதான் செய்வாங்க. கோங் முதலாளி கம்பெனியில பதினோரு வருஷம். என் பேரு பெய். ஆனா அந்தப் பேரச் சொன்னா எந்த ஊரு வியாபாரிக்கும் தெரியாது. கோங்கோட ஆளு, குழந்தைக்குத் தயாராகிட்டு இருக்கானே அவன்னு சொன்னாத்தான் தெரியும். ஹெனான்ல, ஹெபெய்ல, அன்ஹுயில, எங்க வேணா கேட்டுப் பாருங்க. என் இடுப்புக்குக் கீழ என்ன நிலவரம்னு மூணு மாகாணத்துக்குத் தெரியும்.

எப்படின்னா, ஒரு மீன்ல ஆரம்பிச்சுது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விருந்து. முழுக் கெண்டை கொண்டாந்து வச்சாங்க. மீன் தலை யாரப் பாக்குதோ அவரு மூணு கிளாஸ், வாலு யாரப் பாக்குதோ அவரு நாலு. தலை ஹௌ அண்ணனப் பாத்துச்சு, ஹெனான்லருந்து வர்ற பெரிய வியாபாரி. வாலு என்னப் பாத்துச்சு. ஏற்கெனவே எனக்கு எண்ணிக்கை விட்டுப்போச்சு, அது மேல நாலு. அப்புறம் எனக்கு என்ன ஆச்சுன்னா, அந்த மீன் மேல ஒரு பாசம் வந்துடுச்சு. கண்ணத் தொறந்துக்கிட்டுப் படுத்திருக்கே, யாருமே அதுகிட்ட ஒரு வார்த்தை பேசலியேன்னு. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது, மத்தவங்க சொன்னது. மீனத் தூக்கி கோட்டு உள்பையில வச்சுக்கிட்டு, மேல குழம்போட, பூண்டோட, நேரா யீ ஆத்துக்குப் போயிருக்கேன். தண்ணியில விட்டுட்டு, நீந்துடா, நீந்துடான்னு கரையில உக்காந்து அழுதிருக்கேன். அது நீந்தல. நான் உள்ள இறங்கிட்டேன், கத்துக்குடுக்க.

என் சம்சாரம் ருய்சியா இருபத்தாறாம் நம்பர் பஸ் ஓட்டுறா. பாலத்து மேல வரும்போது பாத்துட்டா. பஸ்ஸ நிறுத்திட்டா தம்பி. பயணிகளோட. டிரைவர் சீட்டுலருந்து இறங்கி வந்து என்னக் காலரப் புடிச்சு இழுத்து, பின் சீட்டுல போட்டு, கடைசி ஸ்டாப் வரைக்கும் ஓட்டுனா. சீட்டுக்கு ரெண்டு யுவான் போடச் சொன்னாளாம்.

அவ திட்டல. அதான் பயம். ஒரு வாரம் கழிச்சு அடுத்த விருந்து. ஹௌ அண்ணன் கிளாஸத் தூக்கிட்டாரு, நான் தூக்கிட்டேன், மரியாதைக்கு அவரு கிளாஸவிடக் கீழ வச்சு இடிக்கப் போறேன். போன் அடிக்குது. ருய்சியா. எங்க முதலாளி கோங் அண்ணன், தங்கச்சியா, சத்தமா போடுன்னு ஸ்பீக்கர்ல போடுறாரு. அவ பஸ் ஓட்டுற தொண்டையில சொல்றா, அண்ணே, இவருக்கு ஊத்தாதீங்க, நாங்க குழந்தைக்குத் தயாராகுறோம்.

மேசையில எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் போனப் பாத்தேன். ஏன்னா எனக்கே அது புது செய்தி. நாங்க அதப் பத்திப் பேசினதே கிடையாது. அவளா அந்த நிமிஷம் கண்டுபிடிச்சது.

ஆனா என்ன ஒரு வார்த்தை தம்பி! மாத்திர சாப்பிடுறேன்னு சொன்னா, எந்த மாத்திரன்னு கேப்பாங்க. வண்டி ஓட்டணும்னு சொன்னா, ஆளு கூப்பிட்டு ஓட்டச் சொல்லுவாங்க. வயித்துவலின்னா, சாராயமே மருந்தும்பாங்க. இதுக்கு மட்டும் யாரும் மறு வார்த்தை பேசல. கோங் அண்ணன் எந்திரிச்சு என் கிளாஸ எடுத்து அவரே குடிச்சுட்டு, இன்னையிலேருந்து இந்தத் தம்பிக்கு எவனாவது ஊத்தினா அவன் எனக்கு எதிரின்னுட்டாரு. எனக்கு டீ. டீயில பேரீச்சம்பழம் வேற போட்டு.

பொய் சொன்னோம், சரி. ஆனா பொய்யக் காப்பாத்தணும்ல? மறுநாளே அண்ணி, கோங் அண்ணனோட சம்சாரம், வீட்டுக்கு வந்துட்டாங்க. கையப் புடிச்சு இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்ததே அவங்கதான். இதே பெஞ்சு. அப்ப இந்த மூலை ஒடஞ்சிருந்துச்சு. ருய்சியாவுக்கு ரத்தம் எடுத்தாங்க, தைராய்டு பாத்தாங்க. ஜெர்மன் அம்மைக்குத் தடுப்பு இல்லைன்னு தெரிஞ்சுது, ஊசி போட்டு மூணு மாசம் பொறுக்கச் சொன்னாங்க. கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தை, வயித்துல புள்ளய வச்சுக்கிட்டுப் பல்லுப் புடுங்க முடியாது, இப்பவே எடுத்துடும்மான்னாங்க. எடுத்தா. ஒரு பொய்க்காகப் பல்லுப் புடுங்கிக்கிட்ட பொம்பள தம்பி அவ. ஃபோலிக் மாத்திர சும்மாவே குடுத்தாங்க, உங்களுக்கும் குடுப்பாங்க, தினம் ஒண்ணு, கர்ப்பம் ஆனப்புறம் ஆரம்பிக்கிறது இல்ல, மூணு மாசம் முன்னாடியே. எழுதி வச்சுக்கங்க.

நான் ஓரமா நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தேன். டாக்டரம்மா என்னப் பாத்து, நீங்க என்ன, சாமான் தூக்க வந்தவரான்னாங்க. சிகரெட்டு போச்சு. வெந்நித் தொட்டிக் குளியல் போச்சு, அது விதைக்கு ஆகாதாம். இறுக்கமான பேன்ட் போச்சு. போன முன்பையில வைக்காதீங்கன்னாங்க. அது நிஜமா இல்லையான்னு எனக்குத் தெரியாது, நான் வைக்கிறது இல்ல, பாருங்க, சட்டைப்பை. பத்து மணிக்குத் தூங்கணும். எடைய ஏழு கிலோ குறைக்கணும். எல்லாத்தையும் பண்ணேன். ஏன்னா அண்ணி தினம் போன் பண்ணி விசாரிப்பாங்க, எனக்குப் பொய்ய நினைவு வச்சுக்கிட்டுச் சொல்ல வராது. செஞ்சுட்டா நினைவு வச்சுக்க வேண்டியதில்ல பாருங்க.

அப்புறம் நடந்ததுதான் கூத்து.

எங்க விருந்துல இப்ப முதல் பேச்சே நான்தான். கோங் அண்ணன் கதவப் பாத்த தலைவர் நாற்காலியில உக்காந்து, மொதல்ல எல்லாருக்கும் என்ன அறிமுகம் பண்ணுவாரு. இவரு தயாராகிட்டு இருக்காரு, யாரும் ஊத்தாதீங்க. உடனே ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஆட்டுக் கிட்னி. வெங்காயத்தாள். சிப்பி, அதுவும் பச்சையா. ஹௌ அண்ணன் கட்டில வடக்குப் பாத்துத் திருப்பச் சொன்னாரு. திருப்பினோம், பீரோப் பக்கம் போக முடியல, அஞ்சு மாசம் வெளிய நின்னு ஜன்னல் வழியா கைய விட்டுச் சட்டை எடுத்தேன். இல்ல, தரைத் தளந்தான், ஒண்ணும் ஆகல. ஹெபெய்லருந்து ஒருத்தரு பெரிய கண்ணாடி ஜாடி அனுப்பினாரு, உள்ள ஒரு பாம்பு, சாராயத்துல ஊறுது. தினம் ஒரு கிளாஸ் குடிச்சா ஆம்பளப் பிள்ளையாம். குடிக்காம இருக்கிறதுக்காகச் சொன்ன பொய்க்குச் சாராயமே மருந்தா வருது! அது இன்னும் சமையக்கட்டுல இருக்கு. நாங்க சாப்பிடும்போது எங்களப் பாத்துக்கிட்டே இருக்கும்.

மீட்டிங்ல பதினெட்டு எம்எம் பலகை எத்தனை லோடுன்னு கேக்கிறதுக்கு முன்னாடி, இந்த மாசமாவதுன்னு கேப்பாங்க. நான் தலையக் குனிஞ்சுக்குவேன். பாவம்பா, நூறு லோடு கூடப் போடும்பாங்க. சத்தியமா. என் விற்பனை ஏறிப்போச்சு தம்பி! அனுதாபம் பாதி. இன்னொரு பாதி என்னன்னா, குடிச்சவங்க பேசுறத ஒருத்தன் மட்டும் குடிக்காம உக்காந்து கேட்டா எவ்வளவு விஷயம் தெரியும் தெரியுமா? யாரு வீடு கட்டுறாங்க, யாருக்கு எப்ப சரக்கு வேணும், எல்லாம் தெரிஞ்சுடும். ஹௌ அண்ணனோட பொண்ணு வயலின் வாசிக்குதுன்னு கம்பெனியில எனக்கு மட்டுந்தான் தெரியும். அவருக்கே அவரு சொன்னது தெரியாது.

காசுக்காகன்னு நினைக்காதீங்க. காலையில எந்திரிச்சா, நேத்து என்ன பண்ணோம்னு தெரியுது தம்பி. அது எவ்வளவு பெரிய விஷயம்னு நீங்க குடிச்சுப் பாத்துட்டு நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும். சாயங்காலம் நானும் அவளும் ஆத்தங்கரையில நடப்போம், எடை குறைக்க. நடக்கும்போது அவ பஸ்ஸுல ஏறினவங்க கதையெல்லாம் சொல்லுவா. எட்டு வருஷம் கல்யாணமாகி, இவ இவ்வளவு சிரிக்க வைப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு முன்னாடி நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒண்ணு அவ தூங்கியிருப்பா, இல்ல நான் தூங்கிக்கிட்டே வருவேன்.

என்ன, மூணு வருஷமாகியும் ஒண்ணும் ஆகலியான்னா கேக்குறீங்க? பாவமா பாக்காதீங்க தம்பி, எங்க வியாபாரிங்க மாதிரியே பாக்குறீங்க. ஆகலைன்னு யாரு சொன்னா?

ஆச்சு. புது வருஷத்துக்கு அப்புறம், ஜனவரியில. நாங்க ஒண்ணும் திட்டம் போடல. சத்தியமா சொல்றேன், தயாரானதெல்லாம் நிஜம், திட்டம் மட்டுந்தான் பொய். குடியில்ல, சிகரெட்டு இல்ல, பத்து மணிக்குப் படுக்கை, தினம் ஃபோலிக்கு, ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி. வருஷக்கணக்கா இப்படி இருந்தா பின்ன என்ன ஆகும்? டாக்டரம்மாவே, இவ்வளவு நல்லாத் தயாரான தம்பதிய நான் பாத்ததில்லன்னாங்க.

ருய்சியா குளியல் ரூம்லருந்து அந்தக் குச்சிய நீட்டுறா, ரெண்டு கோடு. அழுறா. நானும் அழுறேன். அவ சந்தோஷத்துல அழுறா. நான் பாதி சந்தோஷம். மீதிப் பாதியில எனக்குக் கிளாஸ் சத்தம் கேக்குது.

அட, புரியலியா? தயாராகிட்டு இருக்கிற ஆளத்தானே விட்டாங்க? புள்ள பெத்தவனுக்கு என்ன சாக்கு? சந்தோஷச் செய்தின்னா மொதல்ல கம்பெனியில ஒரு தண்ணி. குழந்தைக்கு முழு மாசம் ஆனா ஒரு விருந்து, மேசை மேசையாப் போயி குடிக்கணும். மூணு வருஷமாத் தேக்கி வச்சதையெல்லாம் என் தொண்டையில தொறந்து விட்டுடுவாங்க. அதனால ருய்சியாகிட்ட, மொத மூணு மாசம் வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லுவாங்கல்லன்னேன். ஆமான்னா. மூணு மாசம் முடிஞ்சுது. இன்னும் ஒரு வாரம்னேன். அந்த வாரம் ரொம்ப நீளமாப் போயிடுச்சு.

அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பிச்சதும் அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன், மலைப்பக்கம். இங்க கோங் அண்ணன் என்ன நினைச்சுட்டாரு? புள்ளையில்லாத ஏக்கத்துல புருஷன் பொண்டாட்டிக்குச் சண்டை, அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு. அண்ணி பொறுக்கல. ஜூலை மாசம், சொல்லாமக் கொள்ளாம, ஒரு கருங்கோழிய உயிரோட கைக்குள்ள இடுக்கிக்கிட்டு அந்த மலை ஊருக்கே பஸ் ஏறிப் போயிட்டாங்க. சமாதானம் பேச!

வாசல்ல அண்ணி குரல் கேட்டதும் ருய்சியா என்ன பண்ணியிருக்கா, ஓடிப்போயி படுத்து, பெட்டியிலருந்த குளிர்காலப் பஞ்சுமெத்தையக் கழுத்துவரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டா. ஜூலையில. என் மாமியார், காய்ச்சல்னு சொல்லிட்டாங்க. அண்ணி நெத்தியத் தொட்டுப் பாக்கிறாங்க, வேர்வை கொட்டுது. அய்யோ, இது உள்குளிரு, கருப்பையில குளிர் எறங்கியிருக்கு, அதான் மூணு வருஷமாப் புள்ள தங்கலன்னு சொல்லி, இன்னொரு மெத்தைய எடுத்து மேல போட்டுட்டாங்க. ரெண்டு மெத்தை. இஞ்சியக் கொதிக்க வச்சு வாயில ஊத்துறாங்க. மூணு மணி நேரம். ருய்சியா மூஞ்சி, வெந்த நண்டு மாதிரி.

அந்த நேரம் பாத்து உள்ள இருக்கிறது உதைக்குது. மெத்தை ஏறி இறங்குது. என்னதுன்னாங்க அண்ணி. மாமியார், பூனைன்னுட்டாங்க. அண்ணி துள்ளி எந்திரிச்சுட்டாங்க. தயாராகிற பொம்பள படுக்கையில பூனையா? டாக்டர் சொல்லலியா? கருவுக்கு ஆகவே ஆகாது, வெளிய எடு! அது வராதும்மா, கடிக்கும், சூட்டுக்குப் படுத்திருக்குன்னு என் மாமியார் மெத்தை மேல உக்காந்துட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் கோங் அண்ணன் எனக்குப் போன் பண்ணி ஒரே ஏச்சு. அந்தப் பூனைய எப்ப அனுப்பப் போறேன்னாரு. அக்டோபர்ல வெளிய வந்துடும்ணேன்னேன். என்ன சொன்னோம்னு எனக்கே அப்புறந்தான் உறைச்சுது.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன். அவகிட்டப் போன் பண்ணி சிரிச்சேன். அவ சிரிக்கல.

அண்ணி கிளம்புறப்ப அவ கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னாங்களாம். நாங்க ஒம்பது வருஷம் தயாரானோம்மா. எனக்கு வரல. உங்க அண்ணன் இப்பவும் அதப் பத்தி வாயத் தொறக்க மாட்டாரு. உன் புருஷனுக்கு எவனாவது ஊத்த வந்தா மட்டும் சண்டைக்குப் போவாரு. நீ மனச விட்டுடாத.

அதச் சொல்லிட்டு, கோழிய எப்படி வேக வைக்கணும்னும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. ருய்சியா ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. மூணாம் நாள் போன்ல, பன்னெண்டு மீட்டர் பஸ்ஸ இந்த ஊரு மொத்தமும் பாக்க ஓட்டுனவ நான், உன் புள்ளயத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளிச்சு வச்சுக்கிட்டிருக்கேன், அதுவும் அந்தப் பொம்பளகிட்டன்னா. நான் நாளைக்கே சொல்லிடுறேன்னேன். நிஜமாத்தான் சொன்னேன். போயி நின்னேன் அவரு ரூம்ல. அவரு என்னப் பாத்ததும், தம்பி, தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு கேட்டுட்டு, சிகரெட்ட அணைச்சாரு. மூணு வருஷமா நான் உள்ள வந்தா அணைச்சுடுவாரு. விட்டுருச்சுண்ணேன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கு மேல எப்படிச் சொல்றது? சாராயத்துக்குப் பயந்து உங்ககிட்ட இப்படி ஒரு பொய் சொன்னேன்னா?

போன வாரம் ஹௌ அண்ணன் போன் பண்ணாரு. பெரிய ஒப்பந்தம், ஆயிரத்தைநூறு லோடு. இன்னைக்கு மத்தியானம் வர்றாரு. இந்தத் தடவை பெய் என்கூட ஒரு கிளாஸ் குடிச்சாத்தான் கையெழுத்துன்னுட்டாரு. குடிபோதையில விளையாட்டாச் சொன்னதுதான், ஆனா சொல்லிட்டாரு. கோங் அண்ணன் என்கிட்ட, தம்பி, மூணு வருஷம் ஆச்சு, ஒரே ஒரு கிளாஸ், அதுக்கு உள்ள இருக்கிற விதை ஒண்ணும் செத்துடாதுன்னாரு. அப்பவும் கடைசியில, நீயே யோசிச்சுச் சொல்லு, உனக்கு முடியாதுன்னா நான் அவன்கிட்டப் பேசிக்கிறேன்னாரு. ஆயிரத்தைநூறு லோடு தம்பி. அதத்தான் இன்னைக்கு நான் போன் பண்ணிச் சொல்லணும்.

மணி என்ன? பத்தேகாலா! அட, நீங்க ஏன் சொல்லல? போர்டு நாப்பத்தி மூணுக்கு வந்துடுச்சு பாருங்க.

என் சம்சாரமா? அதான் சொன்னேனே, மேல. நாலாவது மாடி. பிரசவ வார்டு. காலையில அஞ்சு மணிக்கு அவ அம்மா வீட்டுல வலி எடுத்துச்சு, நான் நேத்தே அங்க போயிருந்தேன். நான்தான் கார ஓட்டிட்டு வந்தேன், அவ வலியோட பக்கத்துல உக்காந்து, இண்டிகேட்டர் போடு, இண்டிகேட்டர் போடுன்னு கத்திக்கிட்டே வந்தா. உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி என் சட்டையப் புடிச்சு, என் புள்ள பொறக்கிறதுக்குள்ள கோங் அண்ணன்கிட்டச் சொல்லு, சொல்லிட்டு மேல வா, சொல்லலைன்னா வராதன்னா. நாலாவது மாடி பூரா மாமியாருங்க. போன் பேச இடமில்ல. அதுவுமில்லாம, அங்க நிக்கிறவங்கெல்லாம் அப்பாவாயிட்டவங்க. நான் அந்த மாடி ஆளு இல்ல தம்பி. கால் தானா என்ன இங்க எறக்கிட்டுது. இந்த பெஞ்சுதான் எனக்குப் பழக்கம். ரெண்டு மணி நேரமா அவரு நம்பர எடுக்கிறேன், வைக்கிறேன். அப்பத்தான் நீங்க டப்பாவோட வந்தீங்க. முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தர்கிட்ட மொதல்ல சொல்லிப் பாப்போமேன்னு... ஆமா, உங்ககிட்ட ஒத்திகைதான். கோவமா? இல்லையே?

சரி, பண்ணிடுறேன். நீங்க இங்கேயே உக்காருங்க. இந்தா, நம்பர அழுத்திட்டேன்.

அண்ணே, நான்தாண்ணே... இல்லண்ணே, வெளிய இருக்கேன்... ஆஸ்பத்திரியிலண்ணே. இல்ல இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அண்ணே, ஒண்ணு சொல்றேன், நடுவுல பேசாதீங்க. ருய்சியா நாலாவது மாடியில இருக்கா. புள்ள பொறக்கப் போகுது. எங்க புள்ளதாண்ணே... இன்னைக்குத்தான். இப்பத்தான்... ஒம்பது மாசம் ஆச்சு. ஆமா, அது பூனை இல்ல. மொதல்ல அந்தப் போன் வந்தன்னைக்கு நாங்க ஒண்ணுக்கும் தயாராகல. பொய்தான். அப்புறம் தயாராகி, அது நிஜமாயிடுச்சு. உங்ககிட்டயும் அண்ணிகிட்டயும் மறைச்சது பெரிய தப்பு. ஹௌ அண்ணன்கூட ஒரு கிளாஸும் என்னால முடியாதுண்ணே. சாக்கு ஒண்ணும் இல்ல. எனக்குச் சாராயம் பிடிக்காது. அவ்வளவுதான். எப்பவுமே பிடிக்காது... அண்ணே? லைன்ல இருக்கீங்களா?... அண்ணி பக்கத்துல இருக்காங்களா? அழுறாங்களா, சிரிக்கிறாங்களாண்ணே? ரெண்டுமா?... சரிண்ணே... இல்லண்ணே, அது எப்படிண்ணே... அவ கேட்டா என்னக் கொன்னுடுவாண்ணே... சரி. சரிண்ணே. வச்சுடுறேன்.

கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி.

அண்ணி கோழி வாங்கக் கிளம்பிட்டாங்களாம். இந்தத் தடவை ரெண்டு கோழி. அவரு, பூனையா, பூனையான்னு ரெண்டு தடவை கேட்டாரு. மூக்கச் சிந்தினாரு. கத்துவாருன்னு பாத்தேன். கத்தினாரு, ஆனா எதுக்குத் தெரியுமா? கடைசியாச் சொன்னதுக்கு. முட்டாப்பயலே, சாராயம் பிடிக்காதுன்னு இந்த ஊருல வாய்விட்டுச் சொல்லுவியா, என்கிட்டச் சொன்னதோட நிறுத்திக்க, ஹௌ காதுல விழுந்தா ஆயிரத்தைநூறு லோடும் போச்சு, நம்ம மானமும் போச்சு. நீ ஒண்ணும் பேசாத. மேசையில நான் சொல்லிக்கிறேன், தம்பி ரெண்டாவது குழந்தைக்குத் தயாராகிறான்னு.

நாப்பத்தேழு, நாப்பத்தேழு, உங்களத்தான் கூப்பிடுறாங்க. போங்க. டப்பா, டப்பாவ எடுங்க. எனக்கும் மாமியார் மெசேஜ் போட்டிருக்காங்க, உடனே வாங்கன்னு ஒரே வரிதான் இருக்கு. நான் படியிலயே ஏறிடுறேன். கோங் அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்னு மொத வார்த்தையாச் சொல்லிடுவேன். அந்த ரெண்டாவது சமாச்சாரத்த மட்டும் இன்னைக்கி அவகிட்ட மூச்சுவிட மாட்டேன்.